ஜோடி பிரித்த பிளேடுகள்

அப்பா இறந்து நாற்பது நாள் கழித்து அவருடைய மரப்பட்டறையைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு முன் ஜெபம் செய்தார்கள். நீதியாகப் பிரிக்கக் கிருபை தரும்படி சித்தப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டது கிடைத்துவிட்டதென்றே அவர் இன்றுவரை நம்புகிறார். அன்று நடந்த தவற்றை வாய் திறந்து சொன்னவள் நான் ஒருத்திதான். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பட்டறை நாகமலை புதுக்கோட்டையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை. மிஷன் பள்ளிகளுக்கு பெஞ்சு, மேசை, கரும்பலகைத் தாங்கி என்று அங்கே ஓயாமல் வேலை நடந்தது. அதில் பலகையை இழைக்கும் மெஷின்கள் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே அளவு. மெஷினுக்குள் சுழலும் உருளையில் எதிரெதிராக இரண்டு பிளேடுகள் பொருந்தியிருக்கும். ஒரு முழத்துக்குச் சற்றே குறைவான நீளம், இரண்டு விரல் அகலம், பட்டையான எஃகு. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் உருளை அது. ஆகையால் இரண்டு பிளேடுகளும் ஒரே அகலமும் ஒரே எடையுமாக இருக்க வேண்டும். ஒன்றைச் சாணை பிடித்தால் மற்றதையும் அதே வேளையில், அதே அளவுக்குப் பிடிக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால் மெஷின் உதறும்.

இதை நான் கற்றது பட்டறையில் அல்ல, சாணைக்கடையில். திருமங்கலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. சாணை பிடிக்கும் கடையும் திருமங்கலத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மழுங்கிய பிளேடுகளைச் செய்தித்தாளில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்து அனுப்பிவிடுவார் அப்பா. காலையில் கடையில் கொடுப்பேன், மாலையில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவேன். சோற்று டப்பாவுக்கும் நூலகப் பதிவேட்டுக்கும் நடுவில் மரம் சீவும் எஃகை வைத்துக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது என் பைமேல் சாய்ந்தால், "பாத்து, பாத்து" என்று நான் பதறுவதைக் கண்டு நடத்துனர் ஒருவர், "டீச்சர் முட்டை கொண்டு போறாங்க போல" என்பார்.

அப்பா ஒவ்வொரு ஜோடியிலும் அடையாளப் புள்ளி குத்தியிருந்தார். ஒரு புள்ளி உள்ள இரண்டு பிளேடுகள் ஒரு ஜோடி. அப்படி நான்கு புள்ளி வரை நான்கு ஜோடிகள். ஒரு புள்ளிதான் மூத்த ஜோடி. சாணை பிடித்துப் பிடித்து மெலிந்தது. நான்கு புள்ளி புத்தம் புதியது. புள்ளி குத்தியதோடு சரி, எண்ணெய்த் தாளை விட்டு வெளியே வந்ததேயில்லை. ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கு நூலால் சேர்த்துக் கட்டி ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை தொடங்கியதே பிளேடில்தான். அண்ணன் சாணைக்காரன். எஃகில் ஓர் இழை மிச்சமிருக்கும்வரை அதைத் தீட்டத்தான் வேண்டும் என்பது அவன் மதம். தம்பி மாற்றுகிறவன். "சாணைக்குக் குடுத்துட்டு ஒரு நாள் பூரா கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். தேஞ்சுச்சா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு. நாலு பெஞ்சு கூட வருமா வராதா?" என்பான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது என்பதை நான் ஒளிக்க மாட்டேன். மழுங்கிய பிளேடைவிட ஆபத்தானது எதுவுமில்லை. கூர் இல்லாதபோது மனிதன் பலகையை அழுத்தித் தள்ளுகிறான், தள்ளுகிற கை வழுக்குகிறது. தம்பிக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது. அண்ணனுக்கோ நல்ல எஃகைக் குப்பையில் காண்பது சோற்றைக் குப்பையில் காண்பதுபோல. அப்பா இருந்தவரை இந்த வாதம் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அவர் போன பிறகு அதை முடித்துவைக்க ஆளில்லை.

ஆகவே பிரித்தார்கள். கொட்டகையின் நடுவில் சுவர். ஆளுக்கொரு மெஷின். தேக்கு இவ்வளவு, வாகை இவ்வளவு, வேம்பு இவ்வளவு. மரப்பெட்டி வந்தபோது அண்ணன், "எம்புட்டு நாளா நான் பாத்துப் பாத்து வச்சது, அந்தப் புதுசு எனக்கு வேணும்" என்றான். "பழசத் தீட்டித் தீட்டி ஓட்டுறவனுக்குப் புதுசு எதுக்காம்?" என்றான் தம்பி. சித்தப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் சண்டையிடும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்தார். பிறகு நூலை அவிழ்த்தார். ஒரு புள்ளியில் ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. இரண்டு புள்ளியில் ஒன்று அவனுக்கு, ஒன்று இவனுக்கு. அப்படியே நான்கு ஜோடிகளையும் பிரித்து முடித்துவிட்டு, "இனி எவனும் கொறை சொல்ல முடியாதுல்ல?" என்றார்.

இரண்டு பாகமுள்ள ஒரு நூலின் முதல் பாகத்தை ஒரு நூலகத்துக்கும் இரண்டாம் பாகத்தை இன்னொரு நூலகத்துக்கும் கொடுத்துவிட்டு நீதி செய்தோம் என்று மகிழ்வதை என் கண்முன் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம். தனியாகக் கிடக்கும் பாகத்தையாவது படிக்கலாம்.

"சித்தப்பா, அது ஜோடி. பிரிச்சா ரெண்டு பேருக்குமே ஆகாது. ஒருத்தருக்கு ரெண்டு ஜோடி, இன்னொருத்தருக்கு ரெண்டு ஜோடின்னு குடுங்க" என்றேன்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. "தாயி, நீ கட்டிக்குடுத்த புள்ள. ஒனக்குப் பங்கு வேணும்னா நேராக் கேளு. பிளேடச் சாக்கு வச்சுப் பேசாத."

அண்ணன் தரையைப் பார்த்தான். தம்பி சுவரைப் பார்த்தான். பிளேடுகளின் சூட்சுமம் அந்த அறையில் அவர்கள் இருவருக்கும்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். இருவருமே வாய் திறக்கவில்லை. எனக்கு எதிலும் பங்கு வேண்டாம் என்று எழுதியிருந்த தாளில் நான் அன்றே கையெழுத்திட்டேன். பொறுமைசாலி என்று எல்லோரும் பாராட்டினார்கள். பொறுமை என்று அவர்கள் சொன்னது என் வாயடைத்துப்போன நிலையைத்தான்.

அடுத்த ஓர் ஆண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். தம்பி தன் மெஷினின் உருளையையே மாற்றினான். இருபுறமும் கூருள்ள மெல்லிய பிளேடுகள் பொருத்தும் புதிய வகை; ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம், இரண்டும் மழுங்கினால் எறிந்துவிடலாம். அவன் வேலை ஓடியது. அவனுடைய பங்காக வந்த நான்கு பிளேடுகளும் அவன் மெஷினில் இனிப் பொருந்தவே பொருந்தாது.

அண்ணன் இரண்டு புள்ளியையும் மூன்று புள்ளியையும் சேர்த்து மாட்டி ஓட்டினான். ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம். நான் வழக்கம்போல் அவற்றைத் திருமங்கலத்துக்கு எடுத்துச் சென்றேன். சாணைக்கடை பாய் இரண்டையும் மேசைமேல் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது என்னா, மாமனும் மச்சானுமாக் கொண்டாந்திருக்கீங்க? இதோட ஜோடி எங்க?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு பாய்."

"யா அல்லா. அப்பன்னா பெருசச் சின்னதுக்குச் சமமாத் தேச்சுத் தரவா? நல்ல இரும்பு, அம்புட்டும் பொறியாப் போயிரும்."

அண்ணனிடம் கேட்டேன். "நல்ல எஃக ஏன் தேய்க்கணும்? கூர் மட்டும் போடச் சொல்லு" என்றான். புதிய ஜோடி ஒன்றை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். "அந்தப் பக்கம் என் பிளேடோட ஜோடி கெடக்கும்போது புதுசு எதுக்கு?" என்றான். "அப்ப போய்க் கேளு" என்றேன். "அவன்கிட்டயா?" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டான். என் பதிலை மெஷின் விழுங்கிவிட்டது. அது ஓடும் ஓசை, சக்கரம் கோணிய வண்டி கல்பாலத்தில் போவதுபோல் இருந்தது. பக்கத்துப் பலகையில் வைத்திருந்த தேநீர் தம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்துகொண்டேயிருந்தது. இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் அதே அலை மரத்திலும் தட்டுப்பட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய மாலைப்பொழுது முழுவதும் அவனுக்குச் செலவானது. மெஷினின் பேரிங்கு இரண்டு முறை போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. எவர்சில்வர் தம்ளரை என்னால் முந்தானை இல்லாமல் பிடிக்க முடியவில்லை. அவன் வெறும் விரல்களால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டேயிருந்தான்.

"அண்ணே, சுடலையா?"

"சுடுதா?" என்றான் அவன், என்னிடமே.

விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. மருத்துவரிடம் கூட்டிச் சென்றேன். ஓயாமல் உதறும் மெஷினைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு இப்படி விரல் மரத்துப்போகும், உதறலை நிறுத்தாவிட்டால் போன உணர்வு திரும்பாது என்றார் அவர். இழைத்த மரத்தின் நேர்த்தியைக் கண்ணால் அல்ல, விரலால் அறிகிறவன் என் அண்ணன். அந்த விரல்களை இரண்டு மனிதர்களின் வீம்பு தின்றுகொண்டிருந்தது. அவர்களில் ஒருவன் அவனே. வீடு திரும்பும் வழியெல்லாம் என் கோபத்துக்கு ஆள் தேடினேன். அகப்பட்டவர்களில் நானும் இருந்தேன். உதறுகிற பிளேடுகளைச் சாணை பிடித்துச் சாணை பிடித்து, தவறாமல் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகத் தம்பியின் பக்கத்துக்குப் போனேன். கொட்டகையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பட்டை இரும்பை அணை கொடுத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மூன்று புள்ளி. உள்ளே பசை ஒட்டிய மேசையைச் சுரண்ட ஒன்று வைத்திருந்தார்கள். அதை யாரோ கையால் சாணைக்கல்லில் முரட்டுத்தனமாகத் தேய்த்துச் சூடேற்றியதில், முனை முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் பாய்ந்த எஃகில் கூர் நிற்காது. அது இரண்டு புள்ளி. ஒரு புள்ளியும், எண்ணெய்த் தாள் பிரிக்காத நான்கு புள்ளியும் மூலையில் பழைய ஆணிகளோடும் உடைந்த கீல்களோடும் ஒரு கோணிப்பைக்குள் கிடந்தன.

"இது என்னடா?"

"நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வாரேன்னான், அக்கா. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"அண்ணனுக்கு இது வேணும்னு ஒனக்குத் தெரியாது?"

"வந்து கேக்கட்டும். நான் என்ன தரமாட்டேன்னா சொன்னேன்? வாய் இருக்குல்ல? எம் பங்கு, நான் எடைக்குப் போடுவேன், எலிக்குப் போடுவேன்."

கேட்டால் தருவானாம் இவன். கேட்கவே மாட்டான் அவன். நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு கழுதை, அந்தப் பக்கம் ஒரு கழுதை. இரண்டுமே எனக்கு முன்னும் பின்னும் ஒரே வயிற்றில் கிடந்தவை. இரண்டையும் காய்ச்சல் கண்ட இரவுகளில் நான் நெற்றியில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் பேசாத ஒரு வாக்கியம் அப்போது என் வாயிலிருந்து வந்தது.

"நான் பங்கு கேக்க வந்திருக்கேன்."

தம்பி கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தான். வாசலில் நின்ற அவன் மனைவி உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். சற்று முன்வரை வேடிக்கை பேசிய முகம், நான் பார்க்கப் பார்க்க, வழக்குமன்றப் படியேறியவன் முகமாக மாறிற்று.

"அக்கா... நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே. இப்ப எதுல கேக்குற? எடத்துலயா? மெஷின்லயா?"

"பிளேடுல. இந்த நாலு பிளேடு. இதான் என் பங்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். "ச்சே, இம்புட்டுத்தானா! பயமுறுத்திட்டியேக்கா. எடுத்துக்க, எடுத்துக்க. பை வேணுமா?" என்று அவனே கதவைத் தள்ளி அணையை உருவித் தந்தான். காபி போடட்டுமா என்றாள் அவள்.

அந்தச் சிரிப்பை நான் மன்னித்துவிட்டேனா என்று என்னை நானே அவ்வப்போது கேட்டுக்கொள்வதுண்டு. இன்னும் இல்லை. சித்தப்பாவின் சொல்லைவிட அதுதான் என்னைச் சுட்டது. என் தந்தையின் வீட்டில் நான் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறதென்ற நினைப்பே அவர்களுக்கு எத்தனை பெரிய அச்சம். நான் கேட்டது ஒன்றுமில்லாதது என்று தெரிந்ததும் எத்தனை பெரிய நிம்மதி! காபி வேண்டாம் என்றேன். நான்கையும் புடவை முந்தானையில் பொதிந்துகொண்டு, சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

அண்ணன் பார்த்தவுடன் கண்டுகொண்டான். கை நீளவில்லை. "அவன் பங்கு எனக்கு வேணாம்."

"அவன் பங்கு இல்ல. என் பங்கு. கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்."

"கேட்டியா? நீயா?"

"ஆமா. இப்ப ஒன்கிட்டயும் கேக்குறேன். ஒன் நாலையும் எடு."

"எனக்கு மெஷின் ஓட வேணாமா?"

"ஓட்டு. ஜோடியா நான் தருவேன், நீ மாட்டணும். மழுங்குனா கழட்டிக் குடு, நான் சாணைக்குக் கொண்டு போறேன். ஆனா எட்டும் என்னோடது. எவன் வந்து பிரிக்கிறான்னு நான் பாக்குறேன்."

குரல் உயர்ந்திருந்ததென்று பிறகுதான் உணர்ந்தேன். அண்ணன் திருகுச்சாவியை எடுத்து, மெஷினில் மாட்டியிருந்த இரண்டையும் கழற்றத் தொடங்கினான். திருகாணியை அவனால் உடனே பற்ற முடியவில்லை. விரலிலிருந்து இரண்டு முறை நழுவியது. நான் உதவவில்லை. அது கோபத்தால் அல்ல. அவன் வெட்கப்படுவான் என்பதால்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சாணைக்கடையில் நின்றேன். பாய் எட்டையும் புள்ளி பார்த்து அடுக்கினார். "நிக்காஹ் பண்ணி வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தவர், நீலம் பாய்ந்ததைத் தொட்டதும் சிரிப்பை விட்டார். "இத வச்சு என்னா பண்ணாங்க, பாவிங்க?" இரண்டு புள்ளி ஜோடி போயிற்று. நான்கு புள்ளிக்கு எந்த வேலையும் தேவைப்படவில்லை. ஒரு புள்ளி இன்னும் ஒரு முறை தாங்கும், அதற்குமேல் தேய்த்தால் மெஷினின் பிடிக்குள் நிற்காது, அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். தம்பி சொல்லும் சொல் அது. சரியான இடத்தில் சொன்னால் அதுவும் சரிதான்.

மூன்று புள்ளிக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணனிடமிருந்தது ஓர் ஆண்டு தீட்டலில் ஒடுங்கிவிட்டது. கதவுக்கு அணையாகக் கிடந்தது முழு அகலத்தில் இருந்தது. அகலமானதை ஒடுங்கியதற்குச் சமமாகத் தேய்க்க வேண்டும். நீர் ஊற்றி ஊற்றி, நிதானமாக, பாய் தேய்த்தார். யாருக்கும் ஒரு பலகையும் சீவித் தராத நல்ல எஃகு, பொறிப்பொறியாகத் தரையில் விழுந்து அணைந்தது. ஓர் ஆண்டு வீம்பு இத்தனை அகலம் என்று கண்ணால் அளந்துகொண்டு நின்றேன். ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளம்.

மாலையில் நான்கு புள்ளியை மாட்டி மெஷினைப் போட்டான் அண்ணன். உதறல் இல்லை. ஒரே சீரான முழக்கம். தேநீர்த் தம்ளரை எடுத்து மெஷினின் மேசைமேலேயே வைத்தான். தேநீரின் மேலாடை அசையவில்லை. அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. உடனே அவன் தம்ளரை எடுத்து முன்போலவே விரல்களால் சுற்றிப் பிடித்தான். "சுடுது, கீழ வை" என்றேன். வைத்தான். எப்போது தானாக வைப்பான் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. இடதுகைச் சுண்டுவிரலுக்கு மட்டும் சூடு தெரிய ஆரம்பித்திருக்கிறது என்கிறான். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறானோ என்னவோ.

போன மாதம் கீழக்குயில்குடியில் ஒரு திருமண வீட்டில் சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். "கையெழுத்துப் போட்ட பெறகும் போய்ப் பங்கு கேட்டியாமே, தாயி? சனம் பேசுது."

இல்லை சித்தப்பா, அது வெறும் பிளேடுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்திலும் தம்பியின் அதே நிம்மதி பரவியிருக்கும்.

"ஆமா சித்தப்பா. கேட்டேன். வாங்கிட்டேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கும்போதே பந்திக்குப் போய்விட்டேன்.

இப்போது மூன்று ஜோடிகளும் என் வீட்டு அலமாரியில், புத்தகங்களுக்குக் கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஒன்று மெஷினில் இருக்கும்போது இரண்டு இங்கே இருக்கும். ஜோடியிழந்த இரண்டு புள்ளி மட்டும் தனியே ஒரு தாளில். அண்ணனுக்கு வேண்டியபோது அவன் வந்து கேட்கிறான், கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறான். கொடுப்பதற்கு முன் நூலின் முடிச்சை நான்தான் அவிழ்க்கிறேன். திரும்பி வந்ததும் நான்தான் போடுகிறேன், இறுக்கி, இரண்டு முறை.